உங்கள் வீட்டின் எடை என்ன?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றில் ரேடியோ, டேப் ரெக்கார்டர், கேமரா, அலாரம் கடிகாரம், டார்ச் லைட், கால்குலேட்டர், டெலிபோன் எல்லாம் தனித்தனியே இருந்தன. இன்று அத்தனையும் சட்டைப்பையில் போகிற இருநூறு கிராம் செல்போனுக்குள் அடங்கிவிட்டன. தனித்தனியே வாங்கினால் ஆகிற செலவைவிட இதன் விலை குறைவுதான். ஆனால் அந்தப் பொருள்கள் இருந்த வீடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதே செங்கல், அதே ஜல்லி, அதே கம்பி. மேஸ்திரி சொன்ன தேதியில் முடிவதில்லை. முடிந்த பிறகு இருபது ஆண்டுகள் தவணை கட்டவேண்டியிருக்கிறது.

செல்போனை மலிவாக்கிய அறிவு வீட்டை ஏன் தொடவில்லை? மனை விலைதான் காரணம் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். அது சரியான பதிலின் ஒரு பாதி. ஆனால் மனை கையில் இருப்பவர்களுக்கும் கட்டுமானச் செலவு குறையவில்லையே.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை கிடைத்துவிட்டால் உலகத்தில் பசியும் போரும்கூட ஒழிந்துவிடும் என்று நம்பிய ஒரு வடிவமைப்பாளரைப் பற்றியது இந்த அத்தியாயம்.

எடை கேட்ட மனிதர்

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1895இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்து இரண்டு முறை வெளியேற்றப்பட்டார். முதல் உலகப் போரில் கடற்படையில் வேலை பார்த்தார். 1922இல் அவருடைய மூத்த மகள் நான்கு வயது நிறைவதற்குள் நோயில் இறந்துபோனாள். ஈரமும் குளிரும் உள்ளே நுழைகிற மோசமான வீடுகளுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1927இல் வேலையும் போயிற்று. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக் கரையில் உயிரை விடப் போனதாகவும், கடைசி நொடியில் மனம் மாறி இனித் தன் வாழ்க்கையையே ஒரு பரிசோதனை ஆக்குவதென்று முடிவெடுத்ததாகவும் பின்னாளில் மேடைதோறும் சொன்னார். அவருடைய காகிதக் குவியலைப் புரட்டிய ஆய்வாளர்கள் இந்தக் கதையைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றிய புராணத்தைத் தானே எழுதிக்கொள்வதில் ஃபுல்லர் கெட்டிக்காரர்.

கடற்படையில் அவர் கற்றது ஒன்று உண்டு. கப்பல் கட்டுகிறவனுக்குத் தன் கப்பலின் எடை தெரியும். விமானம் செய்கிறவனுக்கு ஒவ்வொரு திருகாணியின் எடையும் தெரியும். வீடு கட்டுகிறவனுக்கு மட்டும் தெரியாது, யாரும் அவனைக் கேட்பதும் இல்லை. எடை தெரியாத பொருளை எப்படிச் சிக்கனப்படுத்த முடியும்?

1978இல், இங்கிலாந்தின் நாரிச் நகரில் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய செயின்ஸ்பரி கலை மையத்தைச் சுற்றிப் பார்த்தபோதும் ஃபுல்லர் இதையேதான் கேட்டார்: இந்தக் கட்டடம் எவ்வளவு எடை? பேர்போன கட்டடக்கலைஞருக்குப் பதில் தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐயாயிரம் டன்னுக்கும் மேல் வந்தது. அதில் பெரும்பங்கு, யார் கண்ணிலும் படாத அடித்தளக் கான்கிரீட்டில் இருந்தது.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால், அந்த ஒரு தளம் மட்டும் ஏறக்குறைய 30 டன். அதைத் தாங்கச் சுவர், சுவரைத் தாங்க அஸ்திவாரம். மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் நம்மைக் காப்பதுதான் கூரையின் வேலை. ஆனால் வீட்டுக்காகச் செலவழிக்கிற பொருளில் பெரும்பகுதி அந்தக் கூரையின் எடையைத் தாங்கவே போய்விடுகிறது.

நாலு குச்சி, மூணு குச்சி

எடையைக் குறைத்தால் உறுதி போய்விடாதா? இதற்கு ஃபுல்லர் கண்ட விடையைச் சோதிக்க ஏழு விளக்குமாற்றுக் குச்சியும் கொஞ்சம் நூலும் போதும். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்துங்கள். சதுரம் சாய்ந்து கோணலாகிவிடும். குச்சி எதுவும் ஒடியவில்லை, முடிச்சுகள்தான் திரும்பிக்கொண்டன. மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டி அழுத்துங்கள். அசையாது. குச்சி ஒடிந்தால் ஒழிய முக்கோணத்தின் வடிவம் மாறாது. சதுரமான கட்டடம் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் தடித்த மூலைகளும் கனமான சுவர்களும். முக்கோணங்களால் ஆன கட்டடத்துக்கு அந்தக் கனம் தேவையில்லை.

ஒரு கோளத்தின் மேற்பரப்பு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து, அதில் பாதியைத் தரையில் கவிழ்த்துவைத்தால் கிடைப்பதே ஜியோடெசிக் குவிமாடம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையை ஒட்டியே அதன் கம்பிகள் போவதால் இந்தப் பெயர். இது முற்றிலும் ஃபுல்லரின் கண்டுபிடிப்பு என்று சொல்வது அநியாயம். ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்துப் பொறியாளர் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் 1920களிலேயே கோளரங்கத்துக்காக இப்படியொரு கூரையைக் கட்டியிருந்தார். ஃபுல்லர் 1948இல் பிளாக் மவுண்டன் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து செய்த முதல் கூடு நிமிரவே இல்லை. மறு ஆண்டு நிமிர்ந்தது. 1954இல் காப்புரிமை கிடைத்தது.

இடையில் 1953இல், ஃபோர்டு கார் நிறுவனம் டியர்பார்னில் இருந்த தன் வட்டக் கட்டடத்தின் முற்றத்துக்குக் கூரை போட விரும்பியது. அகலம் 93 அடி. வழக்கமான இரும்புக் கூரை என்றால் 160 டன் வரும், பழைய சுவர்கள் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஃபுல்லர் அலுமினியக் குவிமாடத்தை எட்டரை டன்னில் முடித்துக்கொடுத்தார்.

கூடாரம் பெரிதானால் என்ன ஆகும்?

இனிமேல்தான் விஷயம் சுவையாகிறது. தரையில் 10 மீட்டர் குறுக்களவுள்ள அரைக்கோளக் கூடாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடவேண்டிய பரப்பு சுமார் 157 சதுர மீட்டர். உள்ளே அடங்கும் காற்று சுமார் 262 கன மீட்டர். குறுக்களவை 20 மீட்டராக்கினால், மூடும் பரப்பு 628 சதுர மீட்டர், அதாவது நான்கு மடங்கு. உள்ளிருக்கும் காற்றோ 2,094 கன மீட்டர், எட்டு மடங்கு. நூறு கன மீட்டர் இடத்தை மூட முதலில் 60 சதுர மீட்டர் தேவைப்பட்டது. இப்போது 30 போதும். 40 மீட்டர் கூடாரத்தில் அது 15 ஆகிவிடும்.

டம்ளரில் ஊற்றிய சாம்பார் சீக்கிரம் ஆறிப்போக, அண்டாவில் இருப்பது பந்தி முடியும்வரை சூடாக இருப்பதும் இந்தக் கணக்கினால்தான். கொள்ளளவை ஒப்பிட்டால் அண்டாவுக்கு வெளிப்பரப்பு குறைவு. அதேபோல ஒரு தெருவின் நூறு வீடுகள் தனித்தனியே நூறு கூரைகள் வழியாக வெப்பத்தை இழக்கின்றன. தெருவையே ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்தால்? 1960இல் ஃபுல்லர் நியூயார்க்கின் மன்ஹாட்டன் நடுப்பகுதிக்கு மேல் மூன்று கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கூடாரம் வரைந்து காட்டினார். தெருவில் பனி அள்ளும் செலவு மிச்சமானாலே கூடாரத்தின் விலை கிடைத்துவிடும் என்று வாதாடினார்.

இதில் அவர் விரைவாகத் தாண்டிப்போன இடம் ஒன்று உண்டு. கூடாரம் பெரிதாகப் பெரிதாக அதன்மேல் மோதும் காற்றின் விசையும் கூடும், கம்பிகளும் தடிக்கவேண்டும். அதனால் மூடும் பரப்பு மிச்சமாகிற அளவுக்கு எடை மிச்சமாகாது. வெப்பக் கணக்குக்கு மட்டும் இதனால் பெரிய சேதமில்லை.

மிதக்கும் ஊர்

இதே கணக்கை அவர் இன்னும் நீட்டினார். கூடு பெரிதாகிக்கொண்டே போனால் உள்ளே அடைபட்ட காற்றின் எடைக்கு முன்னால் கூட்டின் எடை ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்போது உள்ளே காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் கூடு முழுவதும் பலூனைப் போல எழும்பும். சுமார் அரை மைல் குறுக்களவுள்ள கோளத்துக்கு ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் போதும், ஆயிரக்கணக்கானவர்கள் அதில் குடியிருந்தபடி வானத்தில் மிதக்கலாம் என்றார்.

சரிபார்த்துவிடுவோம். கோளத்தின் குறுக்களவு 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 3.2 லட்சம் டன். மலைப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை. நம்மைச் சுற்றியுள்ள காற்று கன மீட்டருக்கு 1.2 கிலோ இருக்கிறது. அதை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் விரிந்து, சுமார் முந்நூற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும். கிடைக்கும் தூக்குவிசை ஆயிரத்துச் சொச்சம் டன். கோளத்தின் பரப்பு 20 லட்சம் சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோதான் வருகிறது.

கம்பி, போர்வை, மனிதர்கள், அவர்களுடைய கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. லாரிமேல் கட்டுகிற கனத்த தார்ப்பாயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஒரு டிகிரி போதாது. வெளியைவிட உள்ளே 20 டிகிரி கூடுதலாக வைத்தால் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ கிடைக்கும். மெல்லிய கூட்டுக்கு அது போதலாம், புயலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. இயற்பியல் விதி எதையும் ஃபுல்லர் மீறவில்லை. ஆனால் எண்ணைத் தனக்கு வசதியான பக்கமாகத் தள்ளிவைத்திருக்கிறார். அவருடைய பெரும்பாலான கனவுகளைச் சோதிக்கும்போது இதே முடிவுதான் கிடைக்கிறது.

தொழிற்சாலையில் பிறந்த வீடு

கனவோடு நிற்காமல் ஒரு முறை அவர் சாதிக்கும் தறுவாய்வரை வந்தார். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். கான்சஸ் மாநிலத்தின் விசிட்டாவில் பீச் விமானத் தொழிற்சாலைக்கு இனி போர் விமானத்துக்கு ஆர்டர் வராதே என்ற கவலை. போரிலிருந்து திரும்பும் இளைஞர்களுக்கோ குடியிருக்க வீடில்லை. அலுமினியம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, விமானத் தகடு வளைக்கத் தெரிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். விமானம் செய்த கையால் வீடு செய்யலாமே?

36 அடி குறுக்களவில் ஒரு வட்ட வீடு. நடுவில் துருப்பிடிக்காத எஃகுத் தூண் ஒன்று. கூரை முழுவதும் அதிலிருந்து தொங்கியது. உச்சியில், காற்று வீசும் திசைக்கேற்பத் திரும்பும் காற்றுப்போக்கி. ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேல் இடமிருந்தும் எடை சில டன்கள்தான். நம் கான்கிரீட் தளத்தின் 30 டன்னை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பிரித்து ஒரே பெரிய உருளைக்குள் அடைத்து லாரியில் அனுப்பிவிடலாம். விலை 6,500 டாலர் என்று மதிப்பிட்டார்கள். விசாரித்து மக்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள்.

தயாரானவை இரண்டு மாதிரிகள் மட்டுமே. இன்னும் கொஞ்சம் திருத்தவேண்டும், வடிவம் இன்னும் முடியவில்லை என்று ஃபுல்லர் உற்பத்தியைத் தள்ளிப்போட்டார். பணம் போட்டவர்கள் பொறுமையிழந்தார்கள். 1946 வாக்கில் நிறுவனம் கலைந்தது. அந்த மாதிரிகளை விசிட்டாக்காரர் ஒருவர் வாங்கி, இரண்டையும் கலந்து தன் குடும்பத்துக்கு வீடாக்கிக்கொண்டார். அது இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது.

ஃபுல்லரின் பிடிவாதத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது என் எண்ணம். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி, ஊருக்கு ஊர் மாறும் கட்டட விதி, தச்சரும் மின்பணியாளரும் தங்களுக்குள் வகுத்துவைத்திருக்கும் வேலைப் பங்கு, எல்லாமே மரவீட்டையும் செங்கல் வீட்டையும் மனத்தில் வைத்து உண்டானவை. காரை விற்க ஒரு சாலை போதும். வீட்டை விற்க அதைச் சுற்றி ஒரு சமூகம் ஒத்துக்கொள்ளவேண்டும். மனை விலை என்ற அந்தப் பாதி பதிலும் இங்கேதான் வருகிறது: அலுமினிய வீட்டை எத்தனை லேசாக்கினாலும் அதன் கீழே இருக்கும் மண் லேசாகாது.

ஒழுகும் இடம்

குவிமாடங்களுக்கு இன்னொரு எதிரி இருந்தது. மழை. சாதாரணச் சாய்வுக் கூரையில் இரண்டு மூன்று நீண்ட விளிம்புகளே உண்டு, தண்ணீரும் வழிந்து ஓடிவிடும். முக்கோணக் கூட்டில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று பக்கமும் இணைப்பு, நூற்றுக்கணக்கில் வரும். பகலில் தகடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது, இடைவெளியில் அடைத்த பசை பிளக்கிறது. ஃபோர்டு குவிமாடத்தில் நீர் இறங்காமல் இருக்கப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1962 நவம்பரில் தீப்பிடித்துக் கட்டடமே எரிந்துபோனது. கலிஃபோர்னியாவின் லாயிட் கான், இளைஞர்களுக்குக் குவிமாடம் கட்டக் கற்றுக்கொடுத்து இரண்டு கையேடுகளை வெளியிட்டவர். கட்டிக் குடியிருந்து பார்த்த பிறகு அவர் மனம் மாறினார், இரண்டாவது கையேட்டை மறுபடி அச்சிடவில்லை.

ஒழுகினாலும் பரவாயில்லை என்ற இடங்களிலும், வேகம் முக்கியமான இடங்களிலும் குவிமாடம் வெற்றிபெற்றது. ஆர்க்டிக் பனியில் ரேடார் கருவிகளை மூடக் கண்ணாடியிழைக் குவிமாடங்கள் சென்றன. 1956இல் காபூல் வர்த்தகக் கண்காட்சிக்கு நூறடிக் குவிமாடம் ஒன்று ஒரே விமானத்தில் போய் இறங்கியது. கம்பி முனைகளில் வண்ணம் பூசியிருந்தார்கள்; நீலத்தோடு நீலம், சிவப்போடு சிவப்பு. அதற்கு முன் குவிமாடமே பார்த்திராத ஆப்கான் தொழிலாளர்கள் இரண்டு நாளில் அதை எழுப்பிவிட்டார்கள். அகமதாபாத்தில் காலிகோ ஆலைக்காகக் கௌதம் சாராபாய் ஒன்றைக் கட்டினார். 1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் 76 மீட்டர் குறுக்களவோடு அமெரிக்கக் கூடாரம் நின்றது. 1976இல் அதன் பிளாஸ்டிக் போர்வை முழுவதும் எரிந்துபோக, எஃகுக் கூடு மட்டும் மிஞ்சியது.

உலகத்தை வைத்து ஒரு விளையாட்டு

அந்த மான்ட்ரியல் கூடாரத்துக்குள் என்ன வைப்பது என்பதற்கும் ஃபுல்லர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். கால்பந்து மைதானம் அளவுக்கு ஓர் உலக வரைபடம். எந்த நாட்டில் எவ்வளவு செம்பு, எவ்வளவு கோதுமை, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு பள்ளிக்கூடம் என்பதைக் கணினி அதில் காட்டும். விளையாடுகிறவர்கள் அணி பிரிந்து, யாரையும் வஞ்சிக்காமல், இயற்கையைக் கெடுக்காமல், மனிதர் எல்லாருக்கும் போதுமானதைக் கொண்டுசேர்க்கும் வழியைத் தேடவேண்டும். படைத் தளபதிகள் போர் விளையாட்டு ஆடுகிறார்கள், நாம் ஏன் அதற்கு எதிரானதை ஆடக் கூடாது என்பது அவர் வாதம். அரசாங்கம் கூடாரத்தை எடுத்துக்கொண்டது, விளையாட்டை விட்டுவிட்டது. உள்ளே ஹாலிவுட் நட்சத்திரங்களின் படங்களும் விண்கலங்களும் பொம்மைகளும் இடம்பிடித்தன.

இந்த விளையாட்டுக்கு அடியில் இருந்த நம்பிக்கையை நான் 'மெலிவாக்கம்' என்று சொல்வேன்: குறைந்த பொருளில், குறைந்த ஆற்றலில், மேலும் மேலும் அதிக வேலை. உலகத்தில் எல்லாருக்கும் போதாது என்பதால்தான் சண்டை. மெலிவாக்கம் தொடர்ந்தால் போதாமை மறையும், சண்டைக்குக் காரணமும் மறையும். மனிதர்களைத் திருத்த வேண்டாம், அவர்கள் கையாளும் கருவிகளைத் திருத்தினால் போதும் என்றார். அரசியல் அவருக்குத் தேவையற்ற இரைச்சலாகப் பட்டது.

அவர் அடிக்கடி காட்டிய சான்று செயற்கைக்கோள். கால் டன் எடையுள்ள ஒரு செயற்கைக்கோள், கடலுக்கடியில் கிடக்கும் 1,75,000 டன் செம்புக் கம்பியைவிட அதிகம் சாதிக்கிறது என்பார். இன்று கண்டம்விட்டுக் கண்டம் போகிற இணையத் தரவுகளில் மிகப் பெரும்பங்கு மறுபடி கடலடிக் கம்பி வழியாகத்தான் போகிறது. ஆனால் உள்ளே செம்புக்குப் பதிலாக, முடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. பொருளில் தவறினார், போக்கில் தவறவில்லை.

சமூகத்தைப் பற்றிய கணிப்பில்தான் கோளாறு. 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஒன்றைக் கவனித்திருந்தார். நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை. இயந்திரங்கள் பெருகிச் செலவு கூடியது. 1970இல் மனிதகுலம் பூமியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டன் பொருளை எடுத்தது. இப்போது சுமார் 10,000 கோடி டன். ஒவ்வொரு பொருளும் மெலிந்தது, மொத்தக் குவியல் பருத்தது. மெலிந்ததால் கிடைத்த மிச்சம் யாருக்குப் போகவேண்டும் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

பகல் இருக்கும் பக்கத்திலிருந்து மின்சாரம்

உலக விளையாட்டிலிருந்து வந்த யோசனைகளில் இன்றும் உயிரோடு இருப்பது மின்வலை. பூமியின் ஒரு பாதி எப்போதும் வெயிலில் இருக்கிறது. கண்டங்களை எல்லாம் மின்கம்பியால் இணைத்துவிட்டால் இங்கே இரவு விளக்கு எரிய அங்கே பகல் உதவும். மின்நிலையங்களை உச்சத் தேவைக்காகச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை.

ஃபுல்லர் பேசிய காலத்தில் அவ்வளவு தூரத்துக்குக் கம்பியில் மின்சாரம் அனுப்பினால் வழியிலேயே பெருமளவு வீணாகும் என்று சிரித்தார்கள். உயர் மின்னழுத்த நேர்மின்னோட்டக் கம்பிகள் அந்தச் சிரிப்பை அடக்கிவிட்டன. நார்வேயையும் இங்கிலாந்தையும் இணைத்து 720 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் ஒரு மின்கம்பி 2021 முதல் வேலை செய்கிறது. இந்தியா 2018இல் முன்வைத்த 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே மின்வலை' திட்டமும் அதே 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரிட்டனோடு சேர்த்து அறிவிக்கப்பட்டது. கம்பியின் நீளம், தடிமன், எடை எல்லாம் இன்று ஒரு பொறியாளர் மேசையில் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கம்பி எந்த நாட்டின் வழியாகப் போகும், சண்டை வந்தால் யார் கையில் சுவிட்சு இருக்கும், யூனிட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவார்கள் என்பதையெல்லாம் அரசுகள்தான் உட்கார்ந்து பேசித் தீர்த்தாகவேண்டும்.